விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்



வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாக நினைவிருக்கும். "மட்டையாளர் பந்தை விட்டுவிட்டார், பந்து விக்கெட் கீப்பரிடம் சென்றது" என்பதே அது. ஒரு நாள் ஆட்டத்தில் அவ்வாக்கியம் பல பத்து முறை ஒலிக்கும். சொன்னவரும் அதை மனத்தில் வைப்பதில்லை, கேட்டவரும் வைப்பதில்லை. பந்து கீப்பரின் கையில் சேர்ந்தால் அது செய்தியன்று; கை தவறினால்தான் செய்தி. நன்றாகச் செய்யும்வரை எவர் கண்ணிலும் படாத தொழில்கள் உலகில் சில உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியும், அத்தொழிலை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று செய்த தமிழர் ஒருவரைப் பற்றியும் இன்று பேச எண்ணியுள்ளோம்.

கேரளத் தலைநகராகிய திருவனந்தபுரத்தில், சாலைக் கடைவீதியைக் கடந்து கிள்ளிப்பாலம் பக்கம் சென்றால் வலியசாலை என்ற பகுதி வரும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம் அது. அங்குள்ள அக்கிரகாரத்தில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் சேர்ந்து வரிசையாக நிற்கின்றன. இத்தகைய தெருவொன்றில் பிள்ளைகள் பந்தாடத் தொடங்கினால் நடப்பது என்ன? மட்டை பிடிக்க எல்லோரும் முந்துவார்கள். பந்து வீச இருவர் மூவர் சண்டையிடுவார்கள். கீப்பராக நிற்க மட்டும் ஆள் வராது. இருப்பவர்களுள் மிகச் சிறிய பையனைப் பிடித்து நிறுத்துவார்கள். அவனும் அகப்படாவிட்டால் சுவரே கீப்பர்!

சுவர் செய்யும் வேலைதானே என்று பிள்ளைகள் நினைக்கலாம். பெரியவர்கள் ஆடும் ஆட்டத்திலோ அதைப்போல் உடலை வருத்தும் வேலை வேறில்லை. டெஸ்ட் பந்தயத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர்கள் வீசப்படவேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் 540 பந்துகள். வேகப் பந்து வீச்சாளர் ஒருவர் தம் பங்கை வீசிவிட்டு எல்லைக் கோட்டருகே போய்ச் சற்று ஆறலாம். கீப்பருக்கு அந்த ஆறுதல் இல்லை. 540 முறை குந்தி, 540 முறை எழுந்து, ஓவருக்கு ஓவர் மறுமுனைக்கு நடக்கவேண்டும். வேகப் பந்துக்கு விக்கெட்டிலிருந்து விலகி நிற்பார். சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்பார். ஒட்டி நிற்கும்போது பந்து மட்டையாளரின் உடலுக்குப் பின்னே மறைந்து, கடைசிக் கணத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். மட்டை அதைத் தொடும் என்று நினைத்தால் கை பிந்திவிடும்; தொடாது என்று நினைத்தால் விளிம்பில் பட்டுத் திசை மாறிவிடும். ஒவ்வொரு பந்தும் தம்மிடமே வரப்போகிறது என்று அவர் நம்பவேண்டும். பெரும்பாலானவை வருவதில்லை.

இவ்வேலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. பதினொருவர் கொண்ட அணியில் மட்டையாளர் ஆறு பேருக்கு இடம் உண்டு. பந்து வீசுவோர் நால்வருக்கோ ஐவருக்கோ இடம் உண்டு. கீப்பருக்கு உள்ளது ஓர் இடமே. நாட்டில் ஏழாவது சிறந்த மட்டையாளராக இருப்பவர், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்குள் நுழைந்துவிடலாம். நாட்டின் இரண்டாவது சிறந்த கீப்பராக இருப்பவரோ, முதல்வரின் விரல் முறியும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் நாளில் தம் விரலை முறித்துக்கொள்ளாமலும் இருக்கவேண்டும்!

அமெரிக்க நாட்டில் ஆடப்படும் பேஸ்பாலிலும் கீப்பரை ஒத்த ஓர் ஆட்டக்காரர் உண்டு. மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் அவரைக் கேட்சர் என்பர். அங்கே நிலையான இடமின்றி அணிக்கு அணி மாறி உழைப்பவரை 'ஜர்னிமேன்' என்று அழைப்பார்கள். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே நமக்குப் பிழைப்பாதலால் இச்சொல்லின்மேல் ஓர் ஆர்வம் எழுந்தது. பயணம் செய்பவர் என்று இதைத் தமிழாக்கினால் பிழையாகும். நாள் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது இது. தொழில் பழகும் பருவத்தை முடித்து, நாட்கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த கைவினைஞரை அது குறித்தது. சொந்தப் பட்டறை இல்லாதவர். ஆனால் தொழிலில் குறை இல்லாதவர். இப்பொருளை மனத்திற் கொண்டால் அந்தச் சொல் இழிவானதன்று என்பது விளங்கும்.

அத்தகையோருள் மோ பெர்க் என்பவரின் வரலாறு சுவையானது. 1902ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த அவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மொழிகளைப் பயின்றார். பின்னர் சட்டமும் படித்தார். 1923ஆம் ஆண்டு புரூக்ளின் அணியில் சேர்ந்தார். முதலில் அவர் கேட்சர் அல்லர். 1927ஆம் ஆண்டு சிகாகோ அணியின் கேட்சர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றபோது, அவ்விடத்தில் நின்று ஆடினார்; அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. கிளீவ்லாந்து, வாஷிங்டன், பாஸ்டன் என்று அணிகள் மாறின. 1939ஆம் ஆண்டு வரை 15 பருவங்களில் அவர் ஆடியவை 663 ஆட்டங்கள். பருவத்துக்கு 154 ஆட்டங்கள் நடந்த காலத்தில், சராசரியாக 44 ஆட்டங்களில்தான் அவருக்கு வேலை கிடைத்தது என்று பொருள். எஞ்சிய நாட்களில் அவர் மாற்று ஆட்டக்காரருக்குரிய பெஞ்சில் அமர்ந்திருந்தார். பல மொழிகள் அறிந்த அந்த மனிதரை இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத் துறை பயன்படுத்திக்கொண்டது. 1944ஆம் ஆண்டு டிசம்பரில் சூரிச் நகரில், ஜெர்மானிய விஞ்ஞானி ஹைசன்பர்க் ஆற்றிய உரையை அவையோருள் ஒருவராக அமர்ந்து அவர் கவனித்தார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டதா என்று அறிவதே நோக்கம். எவர் கண்ணிலும் படாமல் அமர்ந்து அனைத்தையும் கவனிக்கும் பழக்கம் அவருக்குப் புதிதன்றே!

நம் நாட்டிலும் இந்த வரிசை நீண்டது. சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்கு ஆடிய சையத் கிர்மானி, பரூக் எஞ்சினியருக்கு மாற்றாக 1971, 1974 ஆகிய இரு ஆண்டுகளிலும் இங்கிலாந்துப் பயணம் சென்றார். முதல் டெஸ்ட் ஆட வாய்த்தது 1976ஆம் ஆண்டில்தான். அதன்பின் அவர் 88 டெஸ்ட் பந்தயங்கள் ஆடினார். காத்திருப்புக்குப் பலன் கிடைத்தது. ஆனால் அதே கதையின் மறுபக்கமும் உண்டு. 1979ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் கிர்மானிக்கு இடமில்லாமற் போகவே, சென்னையைச் சேர்ந்த பரத் ரெட்டிக்கு வாய்ப்பு வந்தது. அத்தொடரின் நான்கு டெஸ்ட் பந்தயங்களிலும் அவரே கீப்பர். தொடர் முடிந்தது; கிர்மானி திரும்பினார்; ரெட்டியின் டெஸ்ட் வாழ்க்கை அந்த நான்கோடு நின்றது. காத்திருந்தவர்களுக்கெல்லாம் கனி கிடைக்கும் என்று சொல்லி நேயர்களை மகிழ்விக்க நாம் விரும்பவில்லை. சிலருக்கே கிடைக்கும். கிடைக்குமா என்று அறியாமலே ஒவ்வொரு நாளும் குந்தி எழவேண்டும் என்பதுதான் இத்தொழிலின் கடுமை.

இந்த வரிசையில் வந்தவர்தாம் நாம் பேச எடுத்துக்கொண்ட தினேஷ் கார்த்திக். 1985ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் சென்னையில் பிறந்தார். 2002ஆம் ஆண்டில், பதினேழு வயதில், தமிழ்நாட்டு அணிக்கு ஆடத் தொடங்கினார். 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்திய அணியில் இறங்கினார். அன்று மட்டையில் அவர் எடுத்தது ஒரே ஓட்டம். ஆனால் ஹர்பஜன் சிங் கால் பக்கமாக வீசிய பந்தைப் பாய்ந்து பற்றி, இங்கிலாந்து அணித் தலைவர் மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்த காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். இரண்டு மாதத்தில் மும்பையில் ஆஸ்திரேலியருக்கு எதிராக முதல் டெஸ்டும் ஆடினார். பத்தொன்பது வயதில் ஒரு வாழ்க்கை முழுவதும் விரிந்து கிடப்பதாகவே தோன்றியிருக்கும்.

பத்து டெஸ்ட் பந்தயங்களில் அந்தத் தோற்றம் கலைந்தது. மட்டையில் ஓட்டங்கள் போதவில்லை. 2005ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குப் பதிலாக ராஞ்சியைச் சேர்ந்த மகேந்திர சிங் தோனி டெஸ்ட் அணிக்குள் வந்தார். தோனி அரங்கேறிய மைதானம் எது தெரியுமா? சென்னைச் சேப்பாக்கம்! சொந்த ஊரின் மைதானத்தில், சொந்த ஊர் மக்களின் கரவொலிக்கிடையே, கார்த்திக்கின் இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். தோனி டெஸ்ட் ஆட்டத்தை விட்டு விலகியது 2014ஆம் ஆண்டின் இறுதியில். இடையில் கழிந்தவை ஒன்பது ஆண்டுகள்.

இதை அநீதி என்று சிலர் சொல்வதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தோனி தலைசிறந்த ஆட்டக்காரர். அணியின் தலைவராகவும் உயர்ந்தார். அவரை நீக்கிவிட்டு இன்னொருவரை நிறுத்த எந்தத் தேர்வாளரும் துணியமாட்டார். வரிசையில் நமக்கு முன்னே நிற்பவர் நம்மினும் வல்லவர் என்றால், அதில் குறை கூற யாதுமில்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குக் கார்த்திக் அளித்த விடைதான் அவருடைய வாழ்க்கையை எண்ணிப் பார்க்கத் தக்கதாக்குகிறது.

முதலில் அவர் வேறு வேலை கற்றார். கீப்பர் இடம் மூடிக்கிடந்ததால், தொடக்க மட்டையாளராக மாறினார். புதிய பந்தை எதிர்கொள்வது மிகக் கடினமான பணி. அதற்கென்றே வளர்ந்தவர்களும் இங்கிலாந்தின் ஈரக் காற்றில் தடுமாறுவார்கள். 2007ஆம் ஆண்டு அங்கே நடந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் வாசிம் ஜாபருடன் இணைந்து ஆட்டத்தைத் தொடங்கினார். லார்ட்ஸில் இரண்டாம் முறை 60, டிரெண்ட் பிரிட்ஜில் 77, ஓவலில் 91. டிரெண்ட் பிரிட்ஜில் அவரும் ஜாபரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்தவை 147 ஓட்டங்கள். அப்பந்தயத்தை இந்தியா வென்றது. அதனால் தொடரும் நமதாயிற்று. 1986ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்தில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. டெண்டுல்கரும் டிராவிடும் கங்குலியும் லட்சுமணனும் ஆடிய அத்தொடரில், இந்தியர்களுள் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் கார்த்திக்தான்; மொத்தம் 263. ஆயினும் அந்த இடமும் அவருக்கு நிலைக்கவில்லை.

2010ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் டெஸ்ட் அணியின் கதவு முற்றிலும் அடைபட்டது. அது திறந்தது 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம். விருத்திமான் சாஹா காயமுற்றதால், பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக. இடையில் இந்தியா ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 87. அத்தனை பந்தயங்களைத் தவறவிட்டுத் திரும்பிய இந்தியர் அதற்குமுன் எவரும் இல்லர். அந்த எட்டு ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தமிழ்நாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். பார்ப்பவர் அதிகமில்லாத மைதானங்களில், ரஞ்சிக் கோப்பையிலும் விஜய் ஹசாரே கோப்பையிலும், கீப்பராகக் குந்தி எழுந்துகொண்டிருந்தார். 2016–17ஆம் ஆண்டு விஜய் ஹசாரே போட்டியில் அவர் எடுத்தவை 607 ஓட்டங்கள். தில்லியில் நடந்த இறுதிப் பந்தயத்தில் வங்காளத்துக்கு எதிராக 112 எடுத்துக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குப் பெற்றுத் தந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

திரும்பக் கிடைத்த டெஸ்ட் வாய்ப்பும் நீடிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் இங்கிலாந்தில் இரண்டு பந்தயங்களில் தோற்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு முதன்முதலாக இறங்கிய அதே லார்ட்ஸில் அவருடைய கடைசி டெஸ்டும் முடிந்தது. அடுத்த பந்தயத்தில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டவர் இருபது வயது ரிஷப் பந்த். மொத்தம் 26 டெஸ்ட், 1,025 ஓட்டங்கள், ஒரே ஒரு சதம். ஏட்டில் இவ்வளவே எஞ்சியது.

இனி ஐ.பி.எல். போட்டிகளை நோக்குவோம். 2008ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை பதினேழு பருவங்களிலும் அவர் ஆடினார். எங்கெங்கே? தில்லியில் மூன்று ஆண்டுகள். பிறகு பஞ்சாபில் ஓராண்டு. மும்பையில் இரண்டு. மறுபடியும் தில்லி. பின்னர் பெங்களூரு. அடுத்து குஜராத் அணிக்காக ராஜ்கோட்டில் இரண்டு. கொல்கத்தாவில் நான்கு. மீண்டும் பெங்களூரில் மூன்று. இந்தப் பட்டியலைக் கேட்கும்போது நம் நேயர்கள் பலருக்குப் புன்னகை பிறந்திருக்கும். மத்திய அரசு ஊழியர் ஒருவரின் இடமாற்ற உத்தரவுகளை அடுக்கிப் படிப்பது போலவே இருக்கிறது! ஆறு அணிகள், 257 ஆட்டங்கள். இதில் விடுபட்ட ஊர் ஒன்று உண்டு. அது சென்னை. தம் சொந்த நகரத்தின் அணிக்கு அவர் ஒரு நாளும் ஆடவில்லை. அங்கே கீப்பர் தோனி.

இதில் அடங்கியுள்ள விந்தையைப் பிற மாநிலங்களில் வாழும் நம்மைவிட நன்றாக உணரக்கூடியவர் யார்? ராஞ்சியிலிருந்து வந்தவர் சென்னையின் செல்லப் பிள்ளையானார். தமிழ் மக்கள் அவரைத் 'தல' என்று கொண்டாடினார்கள். சென்னையில் பிறந்தவரோ பஞ்சாபியர்க்கும் வங்காளியர்க்கும் கன்னடியர்க்கும் உழைத்தார்; அவர்களுடைய நிறத்தை அணிந்து, அவர்களுடைய வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டார். ஊர் என்பது பிறந்த இடத்தால் மட்டும் அமைவதன்று. எங்கே நம் உழைப்பு தேவைப்படுகிறதோ அங்கேயும் அமைகிறது. தோனியைத் தமிழர் ஏற்றது பெருந்தன்மை என்றால், கார்த்திக்கைப் பெங்களூரு மக்கள் ஏற்றதும் அதே பெருந்தன்மைதான்.

கூலி குறைவென்று இரங்கவும் வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு தில்லி அணி அவரை எடுத்த விலை பன்னிரண்டரைக் கோடி ரூபாய். பழைய நாட்கூலிக் கைவினைஞர் கனவிலும் காணாத தொகை அது. ஆனால் பணம் வந்தாலும் இடம் வருவதில்லை என்பதற்கும் அவருடைய வாழ்க்கையே சான்று. மறு ஆண்டே அந்த அணி அவரை விட்டுவிட்டது.

இத்தகையவர் வாழ்வில் சோதனை நேரம் முன்னறிவிப்பின்றி வரும். 2018ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் வங்காளதேசத்துக்கு எதிரான இறுதிப் பந்தயம். வெற்றிக்குப் பன்னிரண்டு பந்துகளில் 34 ஓட்டங்கள் வேண்டியிருந்தபோது கார்த்திக் உள்ளே வந்தார். முதற்பந்து ஆறு, இரண்டாம் பந்து நான்கு, மூன்றாம் பந்து மீண்டும் ஆறு. அந்த ஓவரில் மட்டும் 22 ஓட்டங்கள். கடைசி ஓவரின் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை; அவர் அதை எல்லைக்கு அப்பால் அடித்து ஆறாக்கினார். எட்டுப் பந்துகளில் 29. இரண்டு நாட்கள் நாடெங்கும் அதே பேச்சு. ஆனால் அடுத்த ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில், மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிராக அணி சரிந்து கிடந்தபோது, 25 பந்துகளில் ஆறு ஓட்டங்களே எடுத்து வெளியேறினார். அதோடு ஒருநாள் போட்டிகளில் அவர் பெயர் முடிந்தது. இரண்டையும் செய்தவர் ஒருவரே. வெற்றியை மட்டும் எடுத்துக் கூறி வீரர் என்பதும், தோல்வியை மட்டும் எடுத்துக் கூறி ஆகாதவர் என்பதும் நேர்மையாகா.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவர் மூன்றாவது வேலையைக் கற்றார். இருபது ஓவர் ஆட்டத்தின் கடைசி நாலைந்து ஓவர்களில் வந்து, சில பந்துகளில் பெரும் ஓட்டங்கள் சேர்க்கும் பணி அது. கணக்கர் ஒருவர் ஓய்வுக்குச் சற்று முன்னர் புதிய இயந்திரத்தில் பயிற்சி பெறுவது போன்ற முயற்சி. 2021ஆம் ஆண்டில் அவர் தலைமையில் தமிழ்நாடு சையத் முஷ்டாக் அலி கோப்பையை வென்றது. அதே ஆண்டு இங்கிலாந்தில் வர்ணனையாளராகவும் அமர்ந்தார். பலர் அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்றே எண்ணினர். 2022ஆம் ஆண்டு இந்திய அணிக்குத் திரும்பி, ஜூன் 17ஆம் நாள் ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்துகளில் 55 எடுத்தார். இந்தியா ஆடிய முதலாவது இருபது ஓவர் பன்னாட்டுப் பந்தயத்தில், 2006ஆம் ஆண்டிலேயே, ஆட்ட நாயகன் விருது பெற்றவர் அவர். அவ்வகை ஆட்டத்தில் அவருடைய முதல் அரைச் சதமோ பதினாறு ஆண்டுகள் கழித்து, முப்பத்தேழாம் வயதில் வந்தது.

அந்த ஆண்டில்தான் அவர் திருவனந்தபுரத்திலும் ஆடினார். செப்டம்பர் 28ஆம் நாள், நகரின் வடபால் உள்ள காரியவட்டம் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுடன் இருபது ஓவர் பந்தயம். எதிரணி ஒன்பது ஓட்டங்களில் ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. முடிவில் 106 எடுத்தது. இந்தியா இரண்டே விக்கெட் இழந்து வென்றது. கார்த்திக் அன்றைய பதினொருவரில் ஒருவர். ஆனால் கீப்பராக நின்றவர் ரிஷப் பந்த். மட்டை பிடிக்கும் முறையும் கார்த்திக்குக்கு வரவில்லை. கீப்பரும் அல்லாமல், மட்டையாளரும் ஆகாமல், அன்று அவர் வெறும் தடுப்பாளராக மைதானத்தில் நின்றார். ஆட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. அந்த நாளையே அவருடைய தொழிலின் சாரம் என்று நாம் கொள்கிறோம். கொழும்பில் கடைசிப் பந்தை ஆறாக்கிய நாளுக்கும், காரியவட்டத்தில் ஒன்றும் செய்ய நேராத நாளுக்கும் காலையில் செய்யும் ஆயத்தம் ஒன்றேதான். எந்த நாள் எத்தகையது என்று முன்கூட்டித் தெரியாது.

அன்று அந்த மைதானத்தில் இன்னொரு கீப்பரும் இல்லை. அவர் அந்த நகரத்துப் பிள்ளை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக உள்ள புல்லுவிளையில் 1994ஆம் ஆண்டு பிறந்த சஞ்சு சாம்சன். தந்தை தில்லிக் காவல்துறையில் பணியாற்றியதால், சஞ்சுவின் சிறு பருவம் தில்லியில் கழிந்தது. பின்னர் குடும்பம் ஊர் திரும்பியது. 2015ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவுக்கு முதல் இருபது ஓவர் பந்தயம் ஆடிய அவர், இரண்டாவதை ஆடியது 2020ஆம் ஆண்டு ஜனவரியில். இடையில் இந்தியா ஆடியவை 73 பந்தயங்கள். 2024ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்காளதேசத்துக்கு எதிராக ஒன்றும் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டுமாக மூன்று சதங்கள் அடித்துக் காட்டினார். 2025ஆம் ஆண்டு நவம்பரில் ராஜஸ்தான் அணியிலிருந்து சென்னை அணிக்கு மாற்றப்பட்டார். சென்னைக் கீப்பருக்குக் கிட்டாத சென்னை, திருவனந்தபுரத்துக் கீப்பருக்குக் கிட்டியது!

வலியசாலை என்ற பெயரில் உள்ள 'சாலை' வண்டி ஓடும் பாதையைக் குறிப்பதன்று. பண்டை நாளில் கல்விக்கூடத்துக்கும் சாலை என்று பெயர். முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்தது என்று கருதுவோர் பலர். சாத்திரக் கல்வியோடு ஆயுதப் பயிற்சியும் அளிக்கப்பட்ட இடம் அது என்பர் அறிஞர். ஆயுதம் பயின்ற அத்தனை மாணாக்கர்க்கும் போர்க்களம் வாய்த்திருக்குமா? வாய்த்திராது. களம் வாய்த்தவர்க்கு மட்டும் பயிற்சி என்றால், களம் வாய்க்கும் நாளில் ஆள் இருக்கமாட்டார்.

நம்மில் பெரும்பாலோர் முதலிடத்தில் இருப்பவரல்லர். அலுவலகத்தில் நமக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவர் திறமையானவராகவும் இருக்கிறார். வேற்று மாநிலத்தில் வாழ்வோருக்கு இன்னும் ஒன்று கூடுதல்: நாம் நிற்கும் இடம் நமதென்ற உறுதி இல்லை. மொழிபெயர்ப்பாளரின் நிலையும் கீப்பரின் நிலையே. ஆயிரம் வாக்கியம் சரியாக வந்தால் மூல ஆசிரியருக்குப் புகழ். ஒன்று பிசகினால் பழி நமக்கு. இதை எண்ணி ஏங்கிக் காலம் கழிப்பவர் பலர். நாம் தகுதியற்றவர் என்று முடிவு கட்டித் தொழிலைத் தளரவிடுபவர் சிலர். கார்த்திக்கின் வாழ்க்கை இரண்டு வழியையும் மறுக்கிறது. இடத்தைக் கொடுப்பதும் எடுப்பதும் பிறர் கையில். தொழிலைப் பழுதறச் செய்வது நம் கையில். இதைச் சொல்வது எளிது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் முழங்கால் வலிக்கக் குந்தி எழுந்து செய்து காட்டுவது எளிதன்று. அவரிடமிருந்து நாம் பெறத்தக்கது அறிவுரையன்று. இது இயலும் என்பதற்கான சான்று.

2024ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஆமதாபாத்தில் பெங்களூரு அணி தோற்றபோது அவருடைய கடைசி ஐ.பி.எல். ஆட்டம் முடிந்தது. சக ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். ஜூன் முதல் நாள், தம் முப்பத்தொன்பதாம் பிறந்த நாளில், எல்லா வகை ஆட்டத்திலிருந்தும் விலகுவதாக அறிவித்தார். பெங்களூரு அணி அவரை விடவில்லை. மட்டையாட்டப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது. 2025ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், அதே ஆமதாபாத்தில், பதினெட்டு ஆண்டுகளாகக் கிட்டாத கோப்பையை அந்த அணி வென்றது. சொந்தப் பட்டறை இல்லாத கைவினைஞர், பிறர் பட்டறையில் தொழில் கற்றுக்கொடுக்கும் ஆசானாகிவிட்டார்.

அடுத்த முறை வானொலிப் பெட்டியில் "பந்து விக்கெட் கீப்பரிடம் சென்றது" என்ற சொற்கள் காதில் விழும்போது, அந்தப் பந்து கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை உழைப்பு உள்ளது என்பதை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.